உள்ளான் வந்த வழி



கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம். எங்கள் பங்குக் கோயிலில் இளைஞர்கள் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் வேய்ந்த கூரைமீது மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பரப்பினார்கள். பெத்லகேமில் அன்றிரவு பனி பெய்ததோ இல்லையோ, நம் தஞ்சைத் தரணியின் குடில்களில் பஞ்சு பெய்யாத ஆண்டே இல்லை. மறைக்கல்வி வகுப்பு முடிந்து வெளியே வந்த ஒரு சிறுமி அந்தப் பஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாமி, நெசமான பனி நம்ம ஊருக்கு எப்ப வரும்?” என்று கேட்டாள்.

“வராதம்மா” என்றேன். முகம் வாடிவிட்டது. திருவிழாக் காலத்தில் ஒரு குழந்தையை வாடிய முகத்தோடு வீட்டுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. “பனி வராது, ஆனால் அந்தப் பனிக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள் நம் பக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். பெருவிழா முடியட்டும், உங்களை அழைத்துப் போய்க் காட்டுகிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இம்மாதம் உங்களுக்கு எழுத எண்ணுகிறேன்.

நம் மொழியில் ‘பனி’ என்பது ஒரே சொல்தான். மார்கழி விடியலில் நெற்கதிரின் நுனியில் முத்தாக நிற்பதும் பனி. வடநாடுகளில் ஏரியையே கல்லாக்கி, அதன்மேல் மனிதர் நடந்து போகுமளவுக்கு இறுகுவதும் பனி. நமக்கோ அது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்துபோகிற தொல்லை. அங்கே வாழும் பறவைகளுக்கு அப்படித் தீராது. ஆறும் ஏரியும் கரைச்சேறும் உறைந்துவிட்டால், சேற்றைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்று வாழும் பறவை எங்கே போகும்? குளிரைத் தாங்க அதற்கு இறகு என்னும் கம்பளி உண்டு. பசியைத் தாங்கத்தான் வழியில்லை. களஞ்சியம் நிறைந்திருக்கிறது, கதவுதான் பனியால் பூட்டப்பட்டுவிட்டது. ஆகவே பூட்டாத களஞ்சியத்தைத் தேடித் தெற்கே புறப்படுகிறது. அத்தகைய களஞ்சியங்களில் ஒன்று, வேளாங்கண்ணியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அன்னையின் திருத்தலத்துக்கு இலட்சக்கணக்கில் வரும் திருப்பயணிகளில் ஆயிரத்தில் ஒருவர்கூட அதை எட்டிப் பார்ப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. இப்பகுதிக்கு மாற்றலாகி வந்து நானே ஓராண்டுக்குமேல் எட்டிப் பார்க்கவில்லை.

சனவரி இரண்டாம் சனிக்கிழமை, விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் உபதேசியாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இட்டலிப் பொட்டலங்கள் தனி. திருப்பூண்டி, தோப்புத்துறை, வேதாரண்யம் எல்லாம் மூடுபனிக்குள் வந்து மூடுபனிக்குள்ளேயே மறைந்தன. அகத்தியன்பள்ளியில் வெயில் எட்டிப் பார்த்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி தம் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம் இதுதான் என்று சொன்னேன். பிள்ளைகள் உப்புக் குவியல்களைக் கண்டதும், “சாமி, பனி!” என்று கத்தினார்கள். வெண்மையைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை இல்லைதான். ஆனாலும் அந்தச் சிறுமிக்கு அதிலேயே பாதி நிறைவு வந்துவிட்டது.

கோடியக்கரை என்பது, வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் நம் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை. வங்கக் கடலும் பாக் நீரிணையும் அங்கே கைகோக்கின்றன. அதற்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரைக்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நீண்டு கிடக்கிறது. 1967ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் அரசு இவ்விடத்தை வனவிலங்குப் புகலிடமாக அறிவித்தது. 2002ஆம் ஆண்டில் இது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது; தமிழ்நாட்டில் அப்பட்டியலில் முதலாவதாக இடம்பெற்றது இதுவே. நம் வட்டாரத்து வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல்தான் சேர்ந்தன. கோடியக்கரைக் காட்டின் முதிய மரங்களில் எத்தனையோ 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயலில் வீழ்ந்தன. அன்று வீட்டுக் கூரையை இழந்த நம் குடும்பங்களுக்கு அந்த இரவை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கூரையில்லாத மான்களும் பறவைகளும் அன்று பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்க்க நேரமிருந்திருக்காது.

வழியில் வெளிமான் கூட்டம் ஒன்று துள்ளி ஓடியது. முறுக்கிய கொம்போடு கரிய ஆண்மான் ஒன்று நின்று எங்களை அளந்து பார்த்தது. பயணத்தின் நோக்கமே முடிந்துவிட்டதுபோல் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். சதுப்பின் கரையில் இறங்கியதும் அமைதியாயினர். தண்ணீருக்கு அப்பால், வானும் நீரும் ஒட்டும் இடத்தில், வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு. “அது என்ன சாமி, வேலியா?” என்றான் ஒருவன். அந்த வேலி தலையைத் தூக்கிற்று. பூநாரைகள்! வனக்காவலர் ஒருவர் அன்போடு தம் தொலைநோக்கியைக் கொடுத்தார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சல்லடைபோல் வடித்து உண்ணும் பறவை அது. அந்தச் சிவப்பு பிறப்பிலே வந்ததன்று. உவர்நீரின் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள வண்ணப்பொருள் இறகில் ஏறுவதால் வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். “அப்ப நாம பீட்ரூட் தின்னா?” என்று ஒரு பெண் தொடங்கினாள். உபதேசியார் அதட்டி அடக்கிவிட்டார். நல்ல கேள்விதான்; பதில் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் காட்ட விரும்பியதோ பூநாரையை அன்று. எங்கள் காலடியிலிருந்து ஐம்பது அடி தொலைவில், சேற்றின்மேல், சேற்றின் நிறத்திலேயே, நூற்றுக்கணக்கில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தன. ஓடும், நிற்கும், தையல் இயந்திரத்தின் ஊசிபோல் சேற்றைக் குத்தும், மறுபடி ஓடும். “இவர்கள்தாம் பனிநாட்டு விருந்தாளிகள்” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்பது அப்பார்வையின் பொருள். சிட்டுக்குருவியளவு பறவை, பெயரும் பெருமையில்லாத பெயர்: கொசு உள்ளான்.

அதன் எடை ஏறக்குறைய 25 கிராம். பழைய ஐந்து ரூபாய் நாணயம் மூன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதைவிடச் சற்றுக் குறைவு. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து சைபீரியாவரை, வடதுருவக் கடலை ஒட்டிய மரமற்ற வெளி. அதனருகே சற்றுப் பெரிதாக, அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்து நின்ற இன்னோர் உள்ளானுக்கும் சைபீரியாவின் வடமுனைதான் பிறந்த ஊர். உலக உருண்டையை எடுத்துக் கோடியக்கரைக்கும் அந்த வெளிக்கும் நூல் பிடித்து அளந்தால், நேர்வழியிலேயே 7,000 கிலோமீட்டருக்குக் குறையாது. இந்த வளையலகு உள்ளானின் குடும்பக் கதை இன்னும் வியப்பானது. சூன், சூலை மாதங்களில், சூரியன் மறையாத அந்தக் குறுகிய கோடையில் கூடு கட்டும். தந்தைப் பறவை முதலில் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் வளர்ந்து தாமே இரைதேடத் தொடங்கும் பருவத்தில் தாயும் புறப்பட்டுவிடும். எஞ்சிய குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகக் கிளம்பும். வழி காட்ட ஒருவரும் இல்லை. முன்பு போன அனுபவமும் இல்லை. சூரியன் நிற்கும் இடத்தையும், இரவில் விண்மீன்களையும், பூமியின் காந்தப் புலத்தையும் துணையாகக் கொண்டு பறவைகள் திசையறிகின்றன என்று ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். அலாஸ்காவில் முதுகில் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன், 2022ஆம் ஆண்டில், பிறந்து ஐந்தே மாதமான பருவத்தில், எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து 13,560 கிலோமீட்டரைக் கடந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவை அடைந்தது. அந்த இனத்துப் பறவைகள் சிலவும் குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் நிற்பதுண்டு.

இவற்றையெல்லாம் மனிதர் அறிந்துகொண்டது அண்மையில்தான். குளிர்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன என்பது மேனாட்டு அறிஞர்க்கு நெடுநாள் புதிராக இருந்தது. சுவீடன் நாட்டு உப்சாலாவின் பேராயர் ஒலாவுஸ் மாக்னுஸ், நாடிழந்து உரோமையில் வாழ்ந்த காலத்தில், வடபுல மக்களைப் பற்றி 1555ஆம் ஆண்டு பெரிய நூலொன்று வெளியிட்டார். தகைவிலான் குருவிகள் கொத்தாகக் கூடி ஏரியின் அடியில் இறங்கி உறங்குகின்றன என்றும், பனிக்கடியில் வலை வீசும் மீனவர் வலையில் அவை சிக்குகின்றன என்றும் அதில் எழுதியிருக்கிறார். பேராயர் என்பதற்காக நாம் அதை நம்ப வேண்டியதில்லை. 1822ஆம் ஆண்டில் செருமனியில் ஒரு செங்கால் நாரை, ஆப்பிரிக்க நாட்டு ஈட்டி கழுத்தில் ஊடுருவிய நிலையில் உயிரோடு வந்து இறங்கியது. அதைச் சுட்டு, பாடம் செய்து, ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். நாரை எங்கே போய்வந்தது என்பதற்கு அந்த ஈட்டியே சாட்சி சொல்லிற்று. நம்மவரோ இதை வெகு முன்பே அறிந்திருந்தனர். கும்பகோணத்தையடுத்த சத்திமுற்றத்துப் புலவர், குமரியில் நீராடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத் தம் வறுமைத் தூதாகத் தம் ஊருக்கு அனுப்பிய பாட்டைப் பள்ளியில் படிக்காதவர் யார்? இறைவாக்கினர் எரேமியாவும் தம் நூலின் 8ஆம் அதிகாரத்தில், நாரை தன் காலத்தை அறிந்திருப்பதைக் காட்டித்தான் தம் மக்களைக் கடிந்துகொள்கிறார்.

ஈட்டியில்லாமல் சாட்சி சொல்ல வைக்கும் வழியை 1899ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டார். மோர்ட்டென்சன் என்பது அவர் பெயர். பறவையைப் பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். எங்கேனும் அது பிடிபட்டால், பிடித்தவர் கடிதம் எழுதுவார். நம் நாட்டில் இப்பணியை முன்னின்று செய்தவர் பறவையறிஞர் சாலிம் அலி (1896–1987). அவர் சார்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையிலேயே தங்கிப் பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்டனர். 1985ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அப்பெரியவர் ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ என்று பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டார். காசுக்கு இரண்டு விற்கும் குருவியைப் பற்றி நற்செய்தியில் கேட்டிருக்கும் நமக்கு, அப்பெயர் ஒன்றை நினைவூட்டாமல் போகாது.

இவ்வளவையும் சேற்றின் கரையில் நின்று நான் பிள்ளைகளுக்கு ஒரு குட்டிப் பிரசங்கமாகவே சொல்லி முடித்தேன் என்று வையுங்கள். முடித்துவிட்டு, “கேள்வி உண்டா?” என்றேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். அதுவரை வாய் திறவாதவன்.

“சாமி, இது உள்ளான். எங்க வீட்டுல வறுப்பாங்க” என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “சாமி வீட்டுக்கும் அப்பா குடுத்திருக்காங்க” என்றான்.

அன்பர்களே, பூசைப்பீடத்தில் நின்று ஆயிரம் பேரை எதிர்கொண்டவன் நான். அந்தச் சேற்றங்கரையில் ஒரு சிறுவனை எதிர்கொள்ள முடியவில்லை. அவன் சொன்னது உண்மை. நான் இப்பங்குக்கு வந்த முதலாண்டு, பிறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள், அவனுடைய தந்தை ஒரு தூக்குவாளியில் வறுவல் கொண்டுவந்து கொடுத்தார். காடை என்று எண்ணி உண்டேன் என்று இப்போது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். காடைக்கு அவ்வளவு மெல்லிய எலும்பு இல்லை என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல நேரும்; ஆகவே கேட்கவில்லை. நன்றாயிருந்தது என்றும் சொல்லியனுப்பினேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம். அதை அறியாதவனும் அல்லேன்.

பையனிடம், “ஆமப்பா, நானும் தின்றிருக்கிறேன்” என்றேன். வேறென்ன சொல்வது? திரும்பும் வழியில் வேனில் பாட்டு நடந்தது. நான் சேர்ந்துகொள்ளவில்லை.

அந்த வாரமே ஒரு மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் போனது கண்டிக்கவா, மன்னிப்புக் கேட்கவா என்பது வாயிற்படி வரைக்கும் எனக்கே தெளிவாக இல்லை. “தோத்திரம் சாமி” என்று எழுந்து பாயை விரித்தார். கடைமடையில் கூலி வேலை செய்பவர். சுற்றி வளைக்காமல் நான் சொன்னேன்: “தம்பி, அந்த உள்ளானை நான் சாப்பிட்டது தப்பு. நீங்கள் பிடிப்பதும் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேசினார், குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “மழ மாசத்துல வேல கெடையாது சாமி. முன்னெல்லாம் தையில அறுப்பு வந்தா ரெண்டு மாசம் கஞ்சிக்குக் கவல இல்ல. இப்ப மிஷினு வந்து ஒரே நாள்ல அறுத்துட்டுப் போயிருது. ஒரு கொத்து உள்ளான் வித்தா அன்னைக்கு அரிசி. வயலுக்கு அடிக்கிற மருந்துல எத்தன பறவ சாவுது? அதுக்கு யாரு சாமி கேஸு போட்டா?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதே உண்மை. உள்ளான் குறைவதற்கு இவருடைய கண்ணி மட்டுமா காரணம்? காவிரியின் நன்னீர் கடைமடைக்கு வந்து சேருவது குறையக் குறையச் சதுப்பில் உவர்ப்பின் அளவு மாறுகிறது. உவர்ப்பு மாறினால் சேற்றிலுள்ள புழுவும் பூச்சியும் மாறுகின்றன. உப்பளங்கள் விரிந்தன. அந்தப் பறவைகள் தங்கி இளைப்பாறும் பிறநாட்டுக் கடற்கரைச் சேற்று நிலங்களும் பல தூர்க்கப்பட்டுவிட்டன. வளையலகு உள்ளானை 2024ஆம் ஆண்டில் உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தார் அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் இனங்களின் வரிசைக்கு ஏற்றிவிட்டார்கள். இத்தனைக்கும் ஒரு கூலித் தொழிலாளியைப் பொறுப்பாக்கிவிட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்குவது நியாயமன்று.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் பிடிக்கும் கொத்தை அவர் வீட்டில் உண்பது ஒன்றிரண்டே. மீதியை வாங்குவோர் யார்? நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திச் சன்னல் கண்ணாடியை இறக்கிப் பேரம் பேசுவோர்தாம். அந்தக் கார்களில் சிலவற்றின் முன்கண்ணாடியில் ஆரோக்கிய அன்னையின் படத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். திருத்தலத்தில் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டுத் திரும்பும் குடும்பங்கள். பசிக்கு வாங்குவோர் அல்லர். வழியில் கிடைக்கும் ஒரு புதுச் சுவைக்கு வாங்குவோர். இறகும் எலும்பும் போக அதில் இரண்டு வாய் இறைச்சி தேறாது. அவர்கள் கண்ணாடியை இறக்காவிட்டால், இவர் கண்ணி வைக்கப் போவதில்லை. இந்த இதழ் அக்குடும்பங்களுள் சிலவற்றுக்கும் வருகிறது என்பதால் இதை இங்கேயே எழுதுகிறேன். பங்குமனைகளுக்குத் தூக்குவாளி வருவதும் நிற்க வேண்டும். குருக்களாகிய எங்களுக்கும் இது சேர்த்துத்தான். என் சமையற்காரரிடம் சொல்லிவிட்டேன்.

நான் எழுந்தபோது அவர், “சாமி, ஒன்னு காட்டணும்” என்றார். சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் பின்னால் கைவிட்டு, காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சிறு அலுமினிய வளையம். குழந்தையின் சுண்டுவிரலுக்கும் புகாது. அவருடைய தந்தை பிடித்த உள்ளானின் காலில் இருந்ததாம். ஏதோ தாயத்து என்று எண்ணி, எறிய அஞ்சி, படத்தின் பின்னால் வைத்தவர் அப்படியே காலமாகிவிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். தேய்ந்த ஆங்கில எழுத்துகள்: பம்பாய்க் கழகத்துக்குத் தகவல் தருக என்று சுருக்கமாக, அடுத்து ஓர் எண்.

“அப்பா இதை எப்போது பிடித்தார்?”

“தங்கச்சி கல்யாணத்துக்கு மொத வாரம் சாமி. வருசம் ஞாபகம் இல்ல.”

வருடம் எனக்குத் தெரிந்துகொள்ள வழியிருந்தது. அன்றிரவே கோயிலின் திருமணப் பதிவேட்டைப் புரட்டினேன். 1998 சனவரி. எண்ணையும் மாதத்தையும் ஊரையும் குறித்துப் பம்பாய்க்கு, இப்போது மும்பை, ஒரு கடிதம் எழுதினேன். பிடித்தவர் பெயரை எழுதவில்லை. இறந்தவரை எந்த வழக்கும் தொடாது என்றாலும்.

தவக்காலத்தின் நடுவில் பதில் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையன் படித்தான்; ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். வளையலகு உள்ளான். வளையமிட்ட இடம் கோடியக்கரை. வளையமிட்டது 1991 சனவரி. அப்போதே முதிர்ந்த பறவை.

பையன் விரல்விட்டு எண்ணினான். “ஏழு தடவ போயிட்டு ஏழு தடவ வந்திருக்கு. சாமி, போக ஏழாயிரம், வர ஏழாயிரம்...” நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தான். 98,000 கிலோமீட்டர். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தான்.

அவனுடைய தந்தை வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “அப்ப இது நம்ம ஊருப் பறவையா, அந்த ஊருப் பறவையா சாமி?” என்றார்.

“அங்கே இரண்டு மாதம் இருக்கும், இங்கே ஏழெட்டு மாதம் இருக்கும். நீங்களே சொல்லுங்கள்” என்றேன்.

“ஏழு வருசமா இந்தச் சேத்துக்கே திரும்பி வந்திருக்கு. அதப் போயி எங்கப்பா...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணிகளை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வளையத்தைக் காகிதத்தில் மடித்தார். பையன் அதை வாங்கி, காகிதத்தின் மேல் 1991, 1998 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதி, மறுபடியும் மாதா படத்தின் பின்னால் வைத்தான்.